பக்க எண் இல்லாத மீன்கொத்தி

மீன்கொத்தி செத்தது ஒரு வியாழக்கிழமை காலையில். பம்ப் அறையின் ஜன்னல் கண்ணாடியைத் தண்ணீர் என்று நினைத்ததோ என்னவோ, நேராக வந்து முட்டியது, விழுந்தது, இரண்டு தடவை காலை உதைத்தது, அடங்கியது. குளத்துக்கரையில் தீவன மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்த வாத்துக்காரி எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தாள். பறவைக் காய்ச்சல் காலம், செத்த பறவை எதுவானாலும் உடனே தகவல் சொல்ல வேண்டும் என்று பண்ணைக் கதவிலேயே அரசாங்க நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அவளும் சொன்னாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

மறுநாள் நோய்த்தடுப்பு ஆய்வாளர் வந்தார். முகத்தில் துணி, கையில் உறை, கக்கத்தில் கோப்பு. குச்சியால் பறவையைப் புரட்டிப் பார்த்தார்.

"மீன்கொத்தி," என்றார்.

"ஆமாங்க. கண்ணாடில முட்டிடுச்சு."

"தெரியுது. மீன்கொத்தி இந்தக் காய்ச்சலப் பரப்பாது, அதுவும் தெரியுது." ஒரு படிவத்தை நீட்டினார். "ஏழாவது கட்டத்துல பக்க எண் போடணும்."

"என்ன பக்கம்?"

"பறவைப் பெருநூல்ல மீன்கொத்தி எந்தப் பக்கத்துல இருக்கோ, அந்தப் பக்கம். பேர் போட்டா செல்லாது. பேர் ஊருக்கு ஊர் மாறும். பக்கம் மாறாது."

"நீங்களே போட்டுக் குடுத்துடுங்களேன் சார்."

"எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் ஆய்வாளர்."

இருபத்தொரு நாள் தவணை. அதற்குள் ஏழாவது கட்டம் நிரம்பினால் பண்ணைக்கு விடுதலை. நிரம்பாவிட்டால், செத்தது நோய் பரப்பும் பறவை என்று எடுத்துக்கொண்டு பண்ணையில் இருக்கும் அத்தனையையும் அழித்துவிடுவார்கள். அவர் இதைப் பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னார். மீன்கொத்தியை ஒரு பையில் போட்டு முத்திரை வைத்து அவள் கையிலேயே கொடுத்து, ஐஸ் பெட்டியில் வைக்கச் சொன்னார். முட்டை விற்கக் கூடாது, வாத்தை வெளியே விடக் கூடாது என்று கதவில் இன்னொரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்.

நானூற்றுப் பன்னிரண்டு வாத்துகள். கணவன் கப்பலில் எண்ணெய் துடைக்கிற வேலையில் வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருப்பவன். பண்ணையை நடத்துவது அவளும் அவள் நாத்தனாரும். நாத்தனாருக்கு வாய் நீளம். வாத்துகளே அவளைக் கண்டால் கொஞ்சம் அடக்கித்தான் கத்தும்.

"ஒரு புஸ்தகத்துல ஒரு பக்கம் பாக்கறதுக்கு இருபத்தொரு நாளா? அண்ணி, இவனுங்க எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுங்களா இருப்பானுங்க. நீங்க போனா அரை மணி நேர வேலை," என்றாள்.

பறவைப் பெருநூல் கடைகளில் கிடைக்காது. ஒரே ஒரு பிரதிதான் பொதுமக்கள் பார்வைக்கு உண்டு. அது பறவை நூல் ஆணையத்தின் வாசிப்புக் கூடத்தில் இருக்கிறது. வாத்துக்காரி இரண்டு பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தாள். நீண்ட கூடம். உயரமான ஜன்னல்கள், எல்லாம் சாத்தியிருந்தன, பறவை உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக. நீளமான மேசையின்மேல் ஒன்பது தொகுதிகள். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து நான்கு பக்கங்கள். மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு நாற்காலிகள், பன்னிரண்டிலும் ஆட்கள். கூடத்தின் பொறுப்பாளர் அவளுக்கு ஒரு முக்காலி போட்டார்.

"மீன்கொத்தி எந்தப் பக்கம் சார்?"

பொறுப்பாளர் பேனாவைக் கீழே வைத்தார். கெட்ட வார்த்தை கேட்டவர் மாதிரி சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா."

"பின்னாடி பேர் வரிசை இருக்குமே, பள்ளிக்கூடப் புஸ்தகத்துல எல்லாம் போட்டிருப்பாங்களே..."

"பொருளகராதி கிடையாது."

"முன்னாடி பொருளடக்கம்?"

"முன்னுரை இருக்கு. அறுபத்திரண்டு பக்கம். அதுல ஏன் பொருளடக்கம் இல்லைன்னு விளக்கியிருக்காங்க. முதல் பக்கத்துலேருந்து ஆரம்பிங்க. நடுவுல பிரிக்கக் கூடாது. பறவைகள் எப்படி ஒண்ணுலேருந்து ஒண்ணு வந்துச்சோ அந்த முறையில நூல் இருக்கு. நடுவுல பிரிச்சா தாத்தாவைத் தெரியாம பேரனைப் பாக்கற மாதிரி."

ஒவ்வொரு பக்கமும் படித்து முடித்ததும் கையைத் தூக்க வேண்டும். பொறுப்பாளர் வந்து அவளுடைய அட்டையில் 'வாசித்தார்' என்று ஒரு முத்திரை குத்துவார். அதற்குப் பிறகுதான் அடுத்த பக்கம். கூடம் பத்து மணிக்குத் திறந்து நான்கு மணிக்கு மூடும். நடுவில் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம். பதின்மூன்று பேருக்கும் ஒரே பொறுப்பாளர், ஒரே முத்திரை. நாளைக்கு நாற்பது பக்கம் தாண்டுவது கல்லில் நார் உரிப்பதுதான். அவளுக்குக் கணக்கு வந்தது. இருபத்தொரு நாளைக்கு எண்ணூற்று நாற்பது. மீன்கொத்தி அதற்குள் இருந்தால் வாத்துகள் பிழைக்கும்.

மூன்றாம் நாள் எண்பத்தெட்டாம் பக்கத்தில் வாத்து வந்தது. தன் பறவையைப் பெரிய மனிதர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஆசையாகப் படித்தாள். 'இது தட்டையான அலகுடையது. இது நீந்தும். இதைப் பற்றி மேலும் அறிய வேண்டியுள்ளது.' அவ்வளவுதான்.

பக்கத்து நாற்காலியில் ஒரு தையல்காரர். காதில் சுண்ணாம்புக்கட்டி, கழுத்தில் அளவு நாடா. ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடைப் பையில் கொண்டலாத்தியை நூலால் பின்னித் தர ஒப்புக்கொண்டவர். எத்தனை நிறம், கொண்டையில் எத்தனை இறகு என்று பார்க்க வந்திருந்தார்.

"எத்தனை நாளா வர்றீங்கண்ணே?"

"பதினோரு வருஷம் ஆச்சும்மா."

"அந்தப் பசங்க?"

"அவங்க கல்யாணம் காட்சின்னு முடிஞ்சு பிள்ளை பெத்துட்டாங்க. பள்ளிக்கூடத்தையே மூடிட்டாங்க. இருந்தாலும் ஒப்புக்கிட்ட வேலை."

"இவ்வளவு படிச்சிருக்கீங்களே, மீன்கொத்தியப் பாத்தீங்களா?"

தையல்காரர் கண்ணை மூடி யோசித்தார். "பாத்த மாதிரியும் இருக்கு, பாக்காத மாதிரியும் இருக்கு. ஐந்நூறுன்னு தோணுது. ஆயிரத்து ஐந்நூறா இருந்தாலும் இருக்கும். அம்பது தடவை படிச்சு முடிச்சுட்டேன்மா. படிக்கப் படிக்க எல்லாம் ஒரே சிறகா ஆகிப்போச்சு."

அன்று சாயங்காலம் அவள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். படிக்கும் பறவையின் பெயரையும் பக்கத்தையும் எழுத ஆரம்பித்தாள். வாத்துப் பண்ணைக்காரிக்கு எதையும் இனம் பிரித்து வைத்துத்தான் பழக்கம். அகரத்துக்கு ஒரு பக்கம், ஆகாரத்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கிக்கொண்டாள். இது ஒரு குற்றம் என்று அவளுக்குத் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விட்டவள்தான்.

ஐந்தாம் நாள் நூற்று எழுபத்தேழாம் பக்கத்தில் கொண்டலாத்தி இருந்தது. படம் கறுப்பு வெள்ளை. கொண்டை மடங்கிய நிலை. தலையே பாதிதான் தெரிந்தது. தையல்காரர் அதை ஐம்பது தடவை தாண்டிப் போயிருக்கிறார்.

"அண்ணே, நூத்தி எழுவத்தேழு," என்று கிசுகிசுத்தாள்.

அவர் எட்டி அவள் முன்னால் இருந்த படத்தைப் பார்த்தார். அளவு நாடாவைச் சுருட்டினார். எழுந்தார். கதவு வரை போய்த் திரும்பி, இன்னும் ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா என்று கேட்பவர்போல நின்றார். பிறகு போய்விட்டார்.

அதுதான் வினை. பதினோரு வருடமாகக் காலியாகாத நாற்காலி காலியானது. மறுநாள் இன்னும் இரண்டு நாற்காலிகள் காலியாயின. நோட்டு மேசைக்கடியில் கைமாறிக்கொண்டிருந்தது. மாலையில் வாசலில் ஆட்கள் நின்று, "அக்கா, தூக்கணாங்குருவி?" "இருநூத்தி ஒம்போது." "அக்கா, செம்போத்து?" "இன்னும் வரலை, திங்கக்கிழமை வா," என்று நடந்தது. பொறுப்பாளர் காலி நாற்காலிகளை எண்ணினார். மேலிடத்துக்கு எழுதினார்: 'வாசகர்கள் தேடியதைக் கண்டுபிடித்துவிட்டுச் செல்லும் அசாதாரணச் சூழல் நிலவுகிறது.'

இதற்கு நடுவே பன்னிரண்டாம் நாள், வாத்துக்காரி நானூற்று முப்பதாம் பக்கத்தில் இருக்கும்போது, இரண்டு பேர் தள்ளுவண்டியோடு வந்தார்கள். ஐந்தாம் தொகுதியின் கயிற்றை அவிழ்த்து ஒரு கட்டுத் தாளை உருவி, இரண்டாம் தொகுதியில் இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பின்னால் செருகினார்கள். புதிய தாள்களுக்கு 212-அ, 212-ஆ என்று எண் போட்டார்கள்.

"என்னண்ணே இது?"

"ஆராய்ச்சிம்மா. இந்தக் குடும்பம் அந்தக் குடும்பத்துக்குச் சித்தப்பா முறைன்னு நெனச்சிருந்தாங்க. பெரியப்பாவாம்."

"அதுல மீன்கொத்தி இருந்துச்சா?"

"எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க கட்டு தூக்கறவங்க."

பொறுப்பாளரிடம் ஓடினாள். இருநூற்றுப் பன்னிரண்டைத் தாண்டியாகிவிட்டது, திரும்பிப் போய் அந்தக் கட்டை மட்டும் பார்க்கலாமா என்று கெஞ்சினாள். பார்க்கலாம் என்றார் அவர், தாராளமாக. முதல் பக்கத்திலிருந்து.

அவள் திரும்பவில்லை. ஒன்பது நாள்தான் இருந்தது. முன்னால் போனாள். மீன்கொத்தி பின்னால் இருக்கிறது என்ற சந்தேகம் ஒவ்வொரு பக்கத்திலும் கூடவே வந்தது. வீட்டில் முட்டைகள் கூடைகூடையாக அழுகின. குளத்துக்கரையைச் சுற்றி நாற்றம்.

"அண்ணி, எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க," என்றாள் நாத்தனார். "இவங்க புஸ்தகம் போட்டது பறவையக் காட்டவா, ஒளிச்சு வைக்கவா?"

பதினைந்தாம் நாள் நோட்டு பிடிபட்டது. பதினாறாம் நாள் விசாரணை. விஷயம் பெரிது என்பதால் ஆணையத் தலைவரே வந்தார். பறவை நூல்களில் பொருளகராதி இருக்கலாமா கூடாதா என்ற கேள்வி நாற்பது வருடங்களாகக் கிடப்பில் இருந்ததாம். இந்த நோட்டு அதைக் கிளப்பிவிட்டுவிட்டது. தலைவர் நோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். அவர் பேச்சு மேடைப் பேச்சு.

"அன்புக்குரியவர்களே! இந்த அம்மையார் என்ன செய்திருக்கிறார்? ஆந்தையை முன்னால் வைத்திருக்கிறார், மயிலைப் பின்னால் வைத்திருக்கிறார். ஏன்? எழுத்து! வெறும் எழுத்து! கோடி வருடம் பாடுபட்டுப் பறவைகள் பெற்ற வரிசையை, ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் வரிசையில் கொட்டிக் கவிழ்த்துவிட்டார். நான் கேட்கிறேன். ஒருவர் ஒரு நிமிடத்தில் தன் பறவையைக் கண்டுபிடித்துவிட்டால், மீதி வாழ்நாளில் அவர் என்ன செய்வார்? அவருக்காக நாம் வைத்திருக்கும் இருநூற்று நாற்பது ஊழியர்கள் என்ன செய்வார்கள்? இந்தக் கூடம் எதற்கு? இந்த முத்திரை எதற்கு? நான்தான் எதற்கு?"

கைதட்டல் எழுந்தது. அவர் கடைசியாகக் கேட்டதை அவர் உட்பட யாரும் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து மூத்த உறுப்பினர் எழுந்தார். "நானும் இங்க வாசகனா வந்தவன்தான். முப்பது வருஷம் முன்னாடி. குயிலைத் தேடி வந்தேன். இன்னும் கிடைக்கல. எனக்கு வேலை போட்டுக் குடுத்தாங்க, பதவி குடுத்தாங்க. அன்னைக்கே குயில் கிடைச்சிருந்தா நான் இன்னைக்கு யாரு? வெறுமனே குயிலைப் பாத்த ஒரு ஆளு."

வாத்துக்காரியைப் பேசச் சொன்னார்கள்.

"ஐயா, எனக்கு இதெல்லாம் புரியல. நானூத்திப் பன்னிரண்டு வாத்து இருக்கு. அஞ்சு நாள்ல கொன்னுடுவாங்க. இங்க இத்தனை பெரியவங்க இருக்கீங்க. மீன்கொத்தி எந்தப் பக்கம்னு யாராவது ஒருத்தர் சொல்லிட்டீங்கன்னா நான் போயிடுவேன்."

தலைவர் உறுப்பினரைப் பார்த்தார். உறுப்பினர் பொறுப்பாளரைப் பார்த்தார். பொறுப்பாளர் சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்தார்.

"கேள்வி விசாரணைக்கு அப்பாற்பட்டது," என்றார் தலைவர்.

தீர்ப்பு இரண்டு நாள் கழித்து வந்தது. ஆணையம் பிடிவாதமானதல்ல என்று காட்ட, பெருநூலுக்குப் பொருளகராதி ஒன்று வெளியிடப்படும். அது தனித் தொகுதி. நூலின் கண்ணியம் குலையாதபடி, பறவைகள் நூலில் எந்த வரிசையில் உள்ளனவோ அதே வரிசையில் அதிலும் இருக்கும். பக்க எண்கள் அவ்வப்போது மாறக்கூடியவை ஆதலால் அவை சேர்க்கப்படமாட்டா. நோட்டு பறிமுதல். அம்மையாரின் வாசிப்பு அட்டை ரத்து.

இருபத்திரண்டாம் நாள் காலை வண்டி வந்தது. ஆறு பேர், சாக்குகள், ஒரு விஷவாயு சிலிண்டர். தலைமை ஏற்று வந்தவரை மற்றவர்கள் மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். கொடூரமான ஆள் இல்லை. குளத்தையும் வாத்துகளையும் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி. பிறகு படிவத்தை எடுத்தார். கொஞ்ச நேரம் பேனாவால் நெற்றியைச் சொறிந்தார்.

"ஏம்மா, வாத்து எந்தப் பக்கம்?"

வாத்துக்காரிக்குப் புரியவில்லை.

"நாலாவது கட்டம். அழிக்கப்பட வேண்டிய பறவையோட பக்க எண். எப்பவும் ஆபீஸ்ல போட்டு அனுப்புவாங்க, கோழிக்கு மட்டும் மனப்பாடமா வெச்சிருக்காங்க. வாத்துக்கு யாருக்கும் தெரியல. நீங்கதானாமே அந்த நோட்டு போட்டது? உங்களுக்குத் தெரியும்னாங்க."

நாத்தனார் தாங்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். "நல்லா இருக்குய்யா. தூக்குக் கயிறையும் எங்க வீட்டுலயே வாங்கிக்கறீங்களா?"

எண்பத்தெட்டு. நோட்டு போனாலும் எண் போகவில்லை. தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் மூன்று நாளைக்கு ஓர் ஆளைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். வாத்து ஆரம்பத்திலேயே வந்துவிடும். வேறு எண் சொல்லலாம். எந்தப் பறவையின் எண்? எதைச் சொன்னாலும் அதைத் தேடிப் போய்க் கொல்வார்களோ என்று பயந்தாள். அப்போதுதான் மூடுபனி நாரை ஞாபகம் வந்தது. பதினோரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். ஒரு முழ நீளக் கால். கடைசியாக அதைப் பார்த்தது நூற்றிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால், பார்த்தவர் சுட்டுவிட்டார். இல்லாத பறவையை யார் கொல்ல முடியும்?

"முந்நூத்தி ஒண்ணு," என்றாள்.

மேஸ்திரி எழுதினார். எண்ணிக்கை என்ற இடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். தலைமையகத்துக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினார். அந்தப் பக்கம் யாரோ ஒருவர் ஒரு பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு கத்தல். மேஸ்திரி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

"தொடாதீங்க! ஒருத்தரும் தொடாதீங்க!" என்று தன் ஆட்களைப் பார்த்து அவரும் கத்தினார். "பாதுகாக்கப்பட்ட பக்கமாம்!"

"வாத்தை எதுக்கு அண்ணே பாதுகாக்கறாங்க?" என்றான் சிலிண்டர் தூக்கி வந்தவன்.

"எனக்கும் வாத்துன்னுதான் தோணுது. தோணறத எழுத ஃபாரத்துல கட்டம் இல்லையே."

மத்தியானத்துக்குள் குளத்தைச் சுற்றிக் கம்பி கட்டினார்கள். சாயங்காலம் ஆணையத் தலைவர் தொலைநோக்கியோடு வந்தார், பின்னால் இருபது கார். வாத்துகள் சேற்றை அலகால் கிளறிக்கொண்டிருந்தன. தலைவர் நெடுநேரம் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நூற்றிரண்டு ஆண்டுகள்!" என்றார். "எங்கே ஒளிந்திருந்தாய் கண்ணே?"

ஒரு பத்திரிகைக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "கால் ஒரு முழம்னு சொல்றாங்களே ஐயா. இது குட்டையா இருக்கே?"

"நூற்றாண்டுக் காலம் பதுங்கிப் பதுங்கியே நடந்திருக்கிறது. கால் என்ன செய்யும்?"

"சத்தமும் வாத்து மாதிரி..."

"வாத்துகளின் நடுவே வாழ்ந்து அவற்றின் மொழியையே கற்றிருக்கிறது. என்ன அறிவு! என்ன எச்சரிக்கை!"

நாத்தனார் வாயைத் திறந்தாள். வாத்துக்காரி அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். அது வாத்து என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், எண்பத்தெட்டு என்று எழுதி, சிலிண்டரைத் திறந்துவிடுவார்கள்.

பண்ணை, பண்ணை வீடு, பம்ப் அறை எல்லாம் மூடுபனி நாரைகளின் காப்பிடம் ஆனது. இருவரையும் வெளியே அனுப்பினார்கள். ஊரின் மறுகோடியில், நாத்தனாரின் தோழி வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. கணவனுக்கு அவள் எழுதினாள்: 'வாத்துகள் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. நம்முடையவை இல்லை.'

பத்து நாள் பொறுத்தாள். பிறகு ஒரு காலையில் கம்பி வேலி ஓரமாகப் போய் நின்றாள். உள்ளே காவலர் ஒருவர் பதிவேட்டோடு நாற்காலியில் இருந்தார். ஆணையத்தின் உத்தரவுப்படி நாரை தின்னும் தவளையும் மீனும் வாளியில் கிடந்தன, ஈ மொய்த்தபடி. வாத்துகள் இளைத்திருந்தன. தினமும் அவள் தனியாகத் தீவனம் வைத்துவந்த நொண்டிக்கால் வாத்து கண்ணில் படவில்லை.

அவள் இருமினாள், அவ்வளவுதான். முன்னால் நின்ற ஒன்று தலையைத் தூக்கியது. அடுத்த நிமிடம் நானூறும் கத்திக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வேலியை நோக்கி ஓடி வந்தன. கம்பிக்குள் அலகை நீட்டின.

காவலர் எழுந்து வந்தார். "ஏம்மா, இது மனுஷனக் கண்டா பறந்துடும்னு எழுதியிருக்கு. உங்களப் பாத்து ஏன் இப்படி வருது?"

"பசியா இருக்கும்."

"உங்க பேரு சொல்லுங்க. எழுதணும். தலைவர் தினமும் படிக்கிறாரு."

அவள் கையை வேலியிலிருந்து எடுத்துக்கொண்டாள். "நான் சும்மா இந்த வழியா போறவ சார்," என்றாள்.

திரும்பி நடந்தாள். வாத்துகள் வேலிக்கு உள்ளே அவளோடு கூடவே நடந்தன, வேலி முடியும் மூலை வரை. காவலர் எழுதிக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து சந்தைக்குப் போக அவள் வேலியோரக் குறுக்குவழியை விட்டுவிட்டு, பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கினாள். அது முக்கால் மணி நேரம் கூடுதல்.